அண்ணியும் அரைப்புள்ளியும்

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை சொல்லச் சொன்னால் மூன்றாவது வார்த்தையிலேயே எனக்கு இருமல் வந்துவிடும். இருபத்து நான்கு வருடமாக இப்படித்தான். நாத்தனார் என்று ஒருத்தி இருந்தால் கொஞ்சமாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாமா? அந்தப் பதவிக்கென்று ஒரு மரியாதை இருக்கிறதே. ஆனால் போன மாதம் நடந்ததற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நன்றி கெட்டவள் என்று என்னை நானே திட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் இருமினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

அண்ணிக்கு ஐம்பத்திரண்டு வயது. அச்சகம் ஒன்றில் தட்டச்சு செய்கிறாள். முன்னறையில் இயந்திரம் தடதடக்கும். அதைத் தாண்டி, காகிதக் கட்டுகளுக்கு நடுவில் ஒருக்களித்துப் போனால் அண்ணியின் அறை. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, எழுத்தெல்லாம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்ட ஒரு விசைப்பலகை. வேறு யாராவது அதன் முன்னால் உட்கார்ந்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல விழிப்பார்கள். அண்ணி அதைப் பார்ப்பதே இல்லை. பதினேழு வயதில் தட்டச்சுப் பள்ளியில் பழகிய விரல்கள். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், காது முதலாளியின் பேச்சில் இருக்கும், வாய் வெளியே காகிதம் மடிக்கிற பெண்ணிடம் இருக்கும், விரல் மட்டும் தன்பாட்டுக்கு ஓடும்.

பைக்குள் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. சைக்கிள் கடைப் பலகையில் 'காற்று அடிக்கபடும்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடமே சுண்ணக்கட்டி வாங்கி நடுவில் ஒரு 'ப்' போட்டுவிட்டு வந்த ஆள் இவள். ஒரு சமயம் எங்கள் தெருவில் மொட்டைக் கடிதங்கள் வந்தன. யார் வீட்டில் எவ்வளவு நேரம் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது என்று ஊருக்கே புகார். அந்தக் கடிதங்களில் 'தண்ணீர்' எல்லாம் 'தன்னீர்' என்று இருந்ததை அண்ணி கவனித்தாள். குழாய்க்காக ஒரு மனு என்று சொல்லி வீடு வீடாகப் போய், அவரவர் கைப்பட இரண்டு வரி எழுதி வாங்கினாள். மூன்றாவது வீட்டிலேயே 'தன்னீர்' கிடைத்தது. சண்டை போடவில்லை. சிவப்புப் பேனாவால் இரண்டு சுழியை மூன்று சுழியாக்கி, "இனிமே இப்படி எழுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அன்றோடு கடிதம் நின்றது. அன்றிலிருந்து அவளுக்கு வீட்டில் சி.ஐ.டி. என்று பெயர்.

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். அவள் மருமகளாக வந்த புதிதில், என் தோழிக்கு அவளைப் பற்றி நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'அண்ணன் எங்கிருந்துதான் இந்தப் பிசாசைப் பிடித்தானோ' என்பது அதில் மென்மையான வரி. ஒட்டுவதற்கு முன் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால், பக்கம் முழுக்கச் சிவப்பு மை. மூன்று ஒற்றுப்பிழை, இரண்டு இடத்தில் 'ற'வுக்கு 'ர'. கடைசியில், பள்ளிக்கூடத்து ஆசிரியர் போல, 'கருத்து நன்று' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். அதைப் பற்றி இன்றுவரை இருவரும் பேசியதில்லை.

இனி என் கதை. நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. காலை ஏழரைக்குக் கதவைத் திறப்பதும் நான், மாலையில் பூட்டுவதும் நான். அந்தச் சாவி என் கைப்பையில் இருக்கிறது என்பதில் எனக்கு இருந்த பெருமையை வெளியில் சொன்னால் சிரிப்பீர்கள். டாக்டர் மாடியிலேயே குடியிருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் தொட்டதற்கெல்லாம் பயம். அடுத்தவர் ஈறில் ஊசி போடுகிறவருக்குத் தன் கையில் ஊசி என்றால் கண் இருட்டிவிடும்.

இந்த டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. வாய் மரத்துப்போய் வெளியே வருகிறவர்கள் எப்படிக் கருத்துச் சொல்வார்கள்? எழுதித்தானே சொல்ல வேண்டும்? ஆகவே காத்திருக்கும் அறையின் மூலையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். எழுதி என்டர் விசையைத் தட்டினால் நேராக அவருடைய போனுக்குப் போய்விடும். மேலே ஒரு தாளும் ஒட்டினார்: 'பெயர் சொல்ல வேண்டாம். மனம் விட்டு எழுதுங்கள். எழுதியது யார் என்று கேட்க மாட்டோம்.' அந்தக் கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது, மாலையில் திரையை மட்டும் அணைத்தால் போதும் என்று உத்தரவு. நானும் அப்படியே செய்தேன். இரண்டு மாதத்தில் வந்த கருத்துகள் இரண்டு. ஒரு குழந்தை வரிசையாக நாற்பது பூஜ்யம் அடித்திருந்தது. இன்னொருவர் இன்டர்நெட் பாஸ்வேர்டு கேட்டிருந்தார்.

அப்புறம்தான் அந்தச் செய்திகள் வர ஆரம்பித்தன.

எல்லாமே ஒரே மாதிரி. முதலில் tzf;fk; என்று ஒரு மந்திரம், கடைசியில் ed;wp என்று இன்னொரு மந்திரம், நடுவில் காக்கை கிறுக்கியதுபோல் ஒரு வரி. நான்கு வாரத்தில் இருபத்து மூன்று வந்துவிட்டன. டாக்டர் தூக்கத்தைத் தொலைத்தார். ஒரு திங்கட்கிழமை கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டார். அவருக்கு நான் வைத்த பெயர் வைரஸ். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் "வைரஸ்தாங்க" என்பார்.

வைரஸ் அந்த வரிகளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர், இந்த அரைப்புள்ளியைப் பாத்தீங்களா? இது சும்மா இல்ல. ஒரு கட்டளை முடியற இடத்துலதான் இதைப் போடுவாங்க. வரிக்கு ஏழு, எட்டு போட்டிருக்கான். உங்க நோயாளிங்க விவரத்தையெல்லாம் யாரோ உருவப் பாக்கறாங்க."

"யாரு?" என்றார் டாக்டர், குரல் உள்ளே போய்.

"எல்லாச் செய்தியும் காலையில ஏழு நாப்பதுலேருந்து எட்டுக்குள்ள வந்திருக்கு. அந்த நேரத்துல இங்க யார் இருப்பாங்க?"

"நானும் துப்புரவு அக்காவும்தான்" என்றேன் நான்.

அப்போது அந்த அக்கா வாளியோடு நடையைக் கடந்து போனாள். நாங்கள் மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. அவளுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்ற சிரிப்பு. நானும்தான் சிரித்தேன், இதை மறைக்க விரும்பவில்லை. சிரித்து முடித்ததும் மற்ற இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டாக்டருக்கு என் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. பல் செட்டு மாதிரி ஒன்றைக் கையில் வைத்துத் திறந்து மூடிக்கொண்டே சொன்னார்.

"சனிக்கிழமை வரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்மா. நீங்க எட்டரைக்கு வந்தாப் போதும். அதுக்குள்ள யார்னு தெரியலைன்னா, வேற ஆள் பாத்துக்கறது நல்லதுன்னு இவர் சொல்றார். நோயாளிங்க நம்மளை நம்பி விவரம் குடுக்கறாங்க இல்லையா?"

பதினோரு வருடச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். அன்று மத்தியானமே பூட்டையும் மாற்றினார்கள். மூலையில் இருந்த கம்ப்யூட்டரின் பெட்டியை மட்டும் வைரஸ் சோதனைக்கு என்று தூக்கிக்கொண்டு போனார். திரையும் விசைப்பலகையும் அங்கேயே அனாதையாகக் கிடந்தன.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனேன். மாடியில் நானும் என் வீட்டுக்காரரும், கீழே அண்ணனும் அண்ணியும். அண்ணன் பேருந்து ஓட்டப் போயிருந்தார். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அழக்கூடாது என்று வரும் வழியிலேயே தீர்மானம் பண்ணியிருந்தேன், அவள் "என்னம்மா?" என்று கேட்டதும் அந்தத் தீர்மானம் போன இடம் தெரியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர் அச்சடித்துக் கொடுத்த தாளையும் நீட்டினேன்.

"என்ன பாஷைன்னே தெரியலையாம் அண்ணி. ரகசியக் குறியீடாம்."

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"வணக்கம்" என்றாள்.

"எனக்கு எதுக்கு இப்போ வணக்கம்? தாளைப் பாருங்க."

"தாளைத்தான் படிக்கறேன். வணக்கம்னு எழுதியிருக்கு."

நான் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினேன்.

"தட்டச்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்களுக்கு, ஆங்கில 'டி' இருக்கற விசையிலதான் 'வ' இருக்கும். 'எஃப்' இருக்கற இடத்துல 'க'. கம்ப்யூட்டரைத் தமிழுக்கு மாத்தாம அதே பழக்கத்துல அடிச்சா இப்படித்தான் வந்து விழும். இந்த அரைப்புள்ளி இருக்கே, அது நம்ம மெய்யெழுத்துக்கு மேல வைக்கற புள்ளி. உங்க வைரஸ் இதைப் பாத்துத்தானா பயந்தார்?" அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தமிழ்ல புள்ளி வைக்காம எப்படி எழுதறது? பாவம், அவரைக் கேட்டா ஒவ்வொரு 'க்'கும் ஒரு திருடன்."

"அப்போ கடைசியில இருக்கற மந்திரம்?"

"நன்றி."

இருபத்து மூன்று செய்தி, இருபத்து மூன்று நன்றி. அண்ணி ஒவ்வொன்றாகப் படித்தாள். நான் எழுதிக்கொண்டேன். 'வணக்கம் இன்று முட்டி வலி இல்லை நன்றி' என்ற மாதிரி வரிகள். ஆனால் சிலது விளங்கவில்லை. 'பேருந்தில் இம் கொத்தவருக்கு நன்றி' என்று ஒன்று. கொத்தினது யார், கோழியா என்று நான் கேட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. அவள் முகம் மாறியிருந்தது. மொட்டைக் கடிதத்தின் 'தன்னீர்' கிடைத்தபோது இருந்த அதே முகம்.

"இடம் கொடுத்தவருக்கு. 'ட' விழல, 'டு' விழல. நீ எழுதிக்கிட்ட 'முட்டி வலி'யிலயும் 'ட்' இல்ல, நான்தான் போட்டுப் படிச்சேன். இங்க பாரு, 'வாழ்க'ன்னு வர்ற இடத்துல 'ழ' இல்ல. இருபத்து மூணு வரியில ஒரு முற்றுப்புள்ளிகூட இல்ல." தன் வலது கையைத் தூக்கிக் காட்டி, மோதிர விரலை மட்டும் ஆட்டினாள். "ட, ழ, முற்றுப்புள்ளி. மூணும் இந்த ஒரு விரலோட வேலை. எழுதினவங்களுக்கு இந்த விரல்ல ஏதோ குறை. அடிச்சது விழலைங்கறது அவங்களுக்கே தெரியல. ஏன்னா, திரையைப் பாக்கல."

"பாக்காம யாராவது எழுதுவாங்களா?"

"திரை அணைஞ்சிருந்தா?"

மறுநாள் அண்ணி அச்சகத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, பல் சுத்தம் செய்ய என்று டாக்டரிடம் வந்தாள். வாயைப் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லோருடைய கையையும் பார்த்தாள். உதவிக்கு இருக்கிற பெண்ணின் கை, மருந்துக் கம்பெனிக்காரர் கை, அடிக்கடி வருகிற ஓய்வு பெற்ற தபால்காரரின் கை. தபால்காரர் அவள் பார்ப்பதைக் கவனித்து, கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார். டாக்டர் வாய்க்குள் கருவியை விட்டிருக்கும்போதும் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்ததில், அவரும் தன் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார். எல்லா விரலும் எல்லோருக்கும் முழுசாக இருந்தன.

வெளியே வந்து, மரத்துப்போன வாயோடு என்னைக் கேட்டாள்.

"காலையில உன்கூட இருக்கறது யாரு?"

"அதான் சொன்னேனே, துப்புரவு அக்கா மட்டும்தான்."

"அவங்க கையைப் பாத்திருக்கியா?"

மூன்று வருடமாக அவள் தினமும் என் மேசையைத் துடைக்கிறாள். ரப்பர் கையுறை போட்டிருப்பாள் என்பது ஞாபகம் இருக்கிறது. அந்தக் கையுறைக்குள் எப்படிப்பட்ட கை இருக்கிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணி அதற்கு மேல் கேட்கவில்லை.

இதற்குள் நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது. சாவியை வாங்கிய நாளிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை, பாருங்கள் என்று வைரஸ் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர் என்னைப் பார்த்தால் கூரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அண்ணியிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பெட்டியையே தூக்கிட்டுப் போயிட்டா செய்தி எதுல வரும்? மாட்டை ஓட்டிட்டுப் போயிட்டு, பால் நின்னுடுச்சு, பாத்தியான்னா?"

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு இருவரும் போனோம். டாக்டர் கதவைத் திறந்து வைத்துவிட்டு மாடிக்குப் போயிருந்தார். நான் உள்ளே நுழையப் போனேன், அண்ணி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கேளு."

உள்ளே இருந்து தட்டச்சுச் சத்தம் வந்தது. சீராக, வேகமாக, தடுமாற்றமே இல்லாமல். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் விரல்கள் புடவைத் தலைப்பின் மேல் கூடவே அசைந்தன. நடுநடுவே அவளுடைய மோதிர விரல் மட்டும் தனியாக ஒரு தட்டு தட்டியது. உள்ளே அந்த இடத்தில் சத்தம் இல்லை, ஒரு சின்ன இடைவெளி மட்டும். எனக்கே அது கேட்டது.

எட்டிப் பார்த்தேன். இருட்டான திரை, பெட்டி இல்லாத கம்ப்யூட்டர், அதன் முன்னால் துப்புரவு அக்கா. கையுறைகள் வாளியின் விளிம்பில் தொங்கின. முதுகு நிமிர்ந்து, மணிக்கட்டு தூக்கி, தட்டச்சுப் பரீட்சை எழுதுகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். வலது கை மோதிர விரல் பாதிதான் இருந்தது. அந்தப் பாதி விரல் மற்ற விரல்களோடு சேர்ந்து எழுந்து, விசையைத் தொடாமலே இறங்கியது. வரியின் முடிவில் ஓங்கி ஒரு தட்டு. அதுதான் என்டர் விசை. தட்டச்சு இயந்திரத்தில் வரி முடிந்தால் உருளையைத் தள்ளித்தானே ஆக வேண்டும். அந்தப் பழக்கம்தான் இருபத்து மூன்று செய்திகளையும் டாக்டரின் போனுக்கு அனுப்பியிருக்கிறது. துப்புத் துலக்கப் போனவர்கள் துப்புரவில் வந்து நின்றோம்.

எங்களைப் பார்த்ததும் அவள் பதறி எழுந்தாள். நாற்காலி கிரீச்சிட்டது.

"அம்மா, நான் ஒண்ணும் பண்ணல. அணைஞ்சுதான் கிடந்தது. சும்மா விரல் பழக்கத்துக்கு. எந்த மெஷினையும் தொடக் கூடாதுன்னு எங்க கம்பெனியில சொல்லியிருக்காங்க. தெரிஞ்சா நாளைக்கே என்னை எடுத்துடுவாங்க. சொல்லிடாதீங்கம்மா."

பத்து வருடம் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்திருக்கிறாள். இரும்புக் கதவில் விரல் மாட்டியது, வேகம் போனது, வேலையும் போனது. அணைந்த கம்ப்யூட்டர் என்று நினைத்து, நான் உள்ளறையில் கருவிகளைக் கழுவுகிற நேரம் பார்த்து, துடைக்கிற சாக்கில் தினமும் ஒரு வரி அடித்திருக்கிறாள். யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் மனதில் இருப்பதை அடித்திருக்கிறாள். மனதில் இருந்தது இவ்வளவுதான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது இரக்கம் முதலில் வரவில்லை. மாடிப்படிதான் கண்ணில் பட்டது. ஓடிப்போய் "இதோ பிடிச்சாச்சு" என்று சொன்னால் என் சாவி என் கைக்கு வந்துவிடும். ஒரு படி ஏறியும் விட்டேன். அண்ணி தடுக்கவில்லை. அச்சகத்தில் அவள் அடித்துக்கொண்டு வந்திருந்த சுத்தப் பிரதியை என் கையில் கொடுத்து, "எட்டாவது வரியைப் படிச்சுட்டு ஏறு" என்றாள்.

எழுதிக்கொண்டபோது அந்த வரியை நான் கவனிக்கவில்லை. 'வணக்கம். வரவேற்பறை அம்மா எனக்கென்று ஒரு நாற்காலி ஒதுக்கினார். நன்றி.'

அந்த நாற்காலி எனக்குத் தெரியும். உட்கார்ந்தால் கிரீச்சிடுகிறது என்று நோயாளிகள் புகார் சொன்னார்கள். குப்பையில் போட மனமில்லாமல் துடைப்பம் வைக்கும் மூலைக்குத் தள்ளினேன். "வேணும்னா உக்காந்துக்கோ" என்று போகிற போக்கில் சொல்லியிருப்பேன். அதற்கு ஒரு வணக்கம், ஒரு நன்றி. செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஏறிய படியை இறங்கினேன். அந்த அக்காவிடம், "நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க" என்றேன். மூன்று வருடத்தில் முதல் முறையாக 'நீங்க' என்று சொன்னேன் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மாடிக்கு அண்ணியும் நானும் சேர்ந்து போனோம். டாக்டர் சுத்தப் பிரதியை வாங்கினார். அண்ணி அரைப்புள்ளியின் ரகசியத்தை விளக்கினாள். அவர் படிக்கப் படிக்க, கையில் இருந்த தேநீர் ஆறியது. பதினாறாவது வரியில் நின்றுவிட்டார். 'வணக்கம். டாக்டர் என் கடைவாய்ப் பல்லை எடுத்தார். வலிக்கவில்லை என்று பொய் சொன்னேன். அவர் முகம் வாடியிருந்தது. நன்றி.'

விரலை அந்த வரியின் மேலேயே வைத்துக்கொண்டு, "கீழ்வரிசை, இடப்பக்கம்" என்றார். அவருக்கு ஆளின் பெயர் மறக்கும், பல் மறக்காது.

பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்தார். "எழுதினது…"

"டாக்டர்," என்றாள் அண்ணி, "எழுதினது யார்னு கேக்க மாட்டோம்னு நீங்கதானே கீழ தாள் ஒட்டியிருக்கீங்க?"

டாக்டர் தலையாட்டினார். ஆனாலும் பயந்த மனிதர் அல்லவா, ஒன்றே ஒன்று கேட்டார். "இல்ல, எழுதினது இவங்க இல்லைன்னு எப்படி நம்பறது?"

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இவளா? இதுல இருபத்து மூணு நன்றி இருக்கு டாக்டர். எனக்கு இவளை இருபத்து நாலு வருஷமாத் தெரியும். ஒண்ணுகூட நான் கேட்டதில்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். பதினோரு வருடத்தை ஒருமுறை மனதுக்குள் புரட்டிப் பார்த்திருப்பார். அவருக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. எழுந்துபோய்ப் புதுச் சாவியை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"இருபத்து மூணு நன்றிக்கு நான் பூட்டை மாத்தியிருக்கேனேம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது.

இதெல்லாம் நடந்து ஒரு மாதம் ஆகிறது. பெட்டி திரும்பி வந்துவிட்டது. வைரஸ் அதில் வைரஸ் எதுவும் இல்லை என்று மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். டாக்டர் துப்புரவுக் கம்பெனிக்குப் போன் செய்து, எங்கள் கம்ப்யூட்டர்களைத் தொட்டுத் துடைக்க அந்த அக்காவுக்கு அனுமதி உண்டு என்று சொல்லிவிட்டார். எதற்காக என்று சொல்லவில்லை. அந்த அக்கா இப்போது காலையில் எங்களிடமும், மத்தியானம் அண்ணியின் அச்சகத்திலும் இருக்கிறாள். தட்டச்சு செய்கிறாள். முதல் நாள் அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றபோது அண்ணி சொன்னாளாம்: "நீங்க அடிங்க. விரல் பழகற வரைக்கும் 'ட'வும் 'ழ'வும் நான் போட்டுக்கறேன்."

இதை எனக்குச் சொன்னது அந்த அக்காதான். அண்ணி சொல்லவில்லை. சொல்ல மாட்டாள்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. 'ஒண்ணுகூட நான் கேட்டதில்ல' என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது. டாக்டரை நம்ப வைக்கச் சொன்னதுதான், விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆனால் ஒரு எழுத்துகூட அதில் பிழை இல்லை. ஒரு வாரம் கீழ்த்தளத்துக்குப் போய்ப் போய் வந்தேன். நேரில் சொல்ல வாயைத் திறந்தால் "குழம்புக்கு உப்பு ஜாஸ்தி அண்ணி" என்றுதான் வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை காலை, கதவைத் திறந்ததும் அந்த மூலைக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தேன். திரையைப் போடவில்லை. எழுத்து கண்ணில் பட்டால் கூச்சமாக இருக்கிறது என்று அந்த அக்கா சொல்வாள், அது சரிதான். அண்ணி எழுதிக் கொடுத்த எழுத்து வரிசையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால், கோழி கொத்துவதுபோலத் தேடித் தேடி அடித்தேன். பத்து எழுத்துக்கு ஐந்து நிமிடம் ஆனது. என்டரைத் தட்டினேன். தட்டிய பிறகுதான் அது அண்ணிக்குப் போகாது, டாக்டருக்குத்தான் போகும் என்பது உறைத்தது. பரவாயில்லை, சொல்லியாவது ஆயிற்று என்று மேசைக்குப் போய்விட்டேன்.

டாக்டர் சும்மா இருப்பாரா? இப்போது அவரும் அந்த வரிசையை வைத்துப் படிக்கப் பழகிவிட்டார். செய்தியை அச்சடித்து, உறையில் போட்டு, அச்சகத்துக்குப் போகிற அந்த அக்காவிடமே கொடுத்தனுப்பியிருக்கிறார்.

மாலையில் வீடு திரும்பினால், என் மாடிக் கதவின் இடுக்கில் அந்தத் தாள் செருகியிருந்தது. நடுவில் நான் அடித்த வரி:

mz;zp ed;wp

இரண்டு சொல்லுக்கும் நடுவில் சிவப்பு மையில் ஒரு கூம்புக் குறி. அதன் மேல் f;F என்று எழுதியிருந்தது. பக்கத்து ஓரத்தில், அதே பழைய கையெழுத்தில்: 'அண்ணிக்கு நன்றி என்று வர வேண்டும். வேற்றுமை உருபு விட்டுப்போயிற்று.'

கீழே, கொஞ்சம் தள்ளி: 'கருத்து நன்று.'